சீட் புண் ஆறிவிட்டதா? மறுபடி சைக்கிள் ஏறும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: வயது 38, எடை 78 கிலோ. கோவையில் இருக்கிறேன். ஒன்றரை வருடமாக ரோடு பைக் ஓட்டுகிறேன். 200 கி.மீ. பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு) சிரமம் இல்லாமல் முடிந்தது. இரண்டு வாரம் முன்பு 300 கி.மீ. முடித்தேன். மறுநாள் வலது பக்கம், உட்காரும் எலும்புக்குச் சற்று உள்ளே, பட்டாணி அளவில் ஒரு கட்டி. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த க்ரீமைத் தடவினேன். அதில் ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றும் இருப்பதாக டியூபில் போட்டிருக்கிறது. ஆறாம் நாள் தானாக உடைந்து சீழ் வந்தது. இப்போது வலி குறைவு, மேலே பொருக்கு கட்டியிருக்கிறது. அந்த ரைடு முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் ஆணுறுப்புப் பகுதி மரத்துப்போயிருந்தது. இன்னும் ஐந்து வாரத்தில் 400 கி.மீ. இருக்கிறது. ஜெல் சீட் கவர் போட்டுக்கொண்டு ஓட்டு என்கிறார்கள் நண்பர்கள். வீட்டில் ட்ரெய்னரில் (சைக்கிளை ஓரிடத்தில் பொருத்தி மிதிக்கும் ஸ்டாண்ட்) இப்போதே மெதுவாக ஆரம்பிக்கலாமா? 400-க்குப் போகலாமா?

பதில்: ட்ரெய்னர் இப்போதைக்கு வேண்டாம். ஜெல் கவர் எப்போதைக்குமே வேண்டாம். இந்த 400-ஐ விட்டுவிடுங்கள். காரணம் தெரியாமல் மனசு ஒப்பாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்களுக்கு வந்தது மயிர்க்காலில் தொடங்கிய சீழ்க்கட்டி என்றுதான் தெரிகிறது. சீட்டில் மணிக்கணக்காக உட்காரும்போது அழுத்தம், உரசல், வியர்வை ஈரம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் சிராய்க்கும். சிராய்த்த மயிர்க்கால் வழியாக, தோலில் சாதாரணமாகவே இருக்கும் ஸ்டேஃபிலோகாக்கஸ் கிருமி உள்ளே இறங்கிவிடும். நிமிடத்துக்கு 80 சுற்று என்று வைத்தால் மணிக்கு 4,800 சுற்று. 300 கி.மீ.யில் 14 மணி நேரம் சீட்டில் இருந்திருந்தால் அதே இடம் 67,000 தடவைக்கு மேல் உரசியிருக்கிறது. 200 சிரமமில்லாமல் போனதால் சீட்டும் உயரமும் சரியாக இருக்கின்றன என்று ஆகிவிடாது. 200-ல் வெளியே தெரியாத சின்னக் கோளாறை 300 வெளியே கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கட்டி உடைந்ததும் வலி குறைந்தது உள்ளே இருந்த அழுத்தம் வடிந்ததால். புண் ஆறிவிட்டதால் அல்ல. சீழ் இருந்த இடத்தில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. அது அடியிலிருந்து நிரம்பி மேலே வர வேண்டும். மேல்தோல் முந்திக்கொண்டு மூடிவிட்டால் உள்ளே மறுபடி சீழ் கோர்க்கும். பொருக்கு கட்டியதும் சைக்கிள் எடுத்தவர்களுக்கு மூன்றாம் வாரத்தில் அதே இடத்தில் இன்னும் பெரிதாக வருவது பெரும்பாலும் இதனால்தான்.

முதல் வேலை, அந்த மூன்று மருந்து க்ரீமை நிறுத்துவது. ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கிக் காட்டும். கூடவே தோலை மெலிதாக்கி, ஆறுவதையும் தாமதப்படுத்தும். தொடையிடுக்கில் ஓரம் தடித்து வட்டமாகப் பரவும் அரிப்பு இருந்தால் அது படர்தாமரை. இந்த மாதிரிக் கலவை க்ரீமைப் போட்டுத்தான் நம் ஊரில் நிறையப் பேர் சாதாரணப் படர்தாமரையைத் தீராத படையாக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு மருந்தும் வேறு, எடுக்க வேண்டிய காலமும் வேறு. தோல் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

இனி தினமும் செய்ய வேண்டியது. அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, 10 முதல் 15 நிமிடம் இடுப்பு மூழ்க உட்காருங்கள். காலை, மாலை, மலம் கழித்த பிறகு என்று மூன்று வேளை. மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிப் பார்த்தால் சுடக் கூடாது, இதமாக இருக்க வேண்டும். தண்ணீரில் ஒன்றும் கலக்க வேண்டியதில்லை. டெட்டால் ஊற்றினால் ஆறிக்கொண்டிருக்கும் சதைதான் வேகும். எழுந்ததும் தேய்க்காமல், சுத்தமான துண்டால் ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில் ஐந்து நிமிடம் உலரவிடுங்கள். கசிவு இருக்கும்வரை மேலே ஒரு காஸ் துணி (காயத்துக்குக் கட்டும் மெல்லிய வலைத்துணி), அதற்கு மேல் தளர்வான பருத்தி உள்ளாடை. மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பிலை அரைத்தது எதையும் திறந்த புண்ணில் வைக்காதீர்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள். பிதுக்கவே பிதுக்காதீர்கள், பிதுக்கும்போது பாதிச் சீழ் வெளியே வந்தால் பாதி பக்கத்துச் சதைக்குள் போகும்.

சீழ் வந்த கட்டி என்பதால் ஒருமுறையாவது டாக்டரிடம் நேரில் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் முபிரோசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் 2 சதவீத ஆயின்மென்ட் ஐந்து, ஏழு நாள் தடவச் சொல்வார். சுற்றிலும் சிவப்பு பரவியிருந்தால் மாத்திரையும் தருவார். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக விழுங்க வேண்டாம். உள்ளே சீழ் தேங்கியிருந்தால் எந்த மாத்திரையும் அதைக் கரைக்காது. சர்ஜன் கீறி வெளியேற்றியாக வேண்டும். அப்படியே சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 38 வயதில் முதல்முறையாகக் கட்டி வந்து, அதை வைத்தே நீரிழிவு தெரியவந்தவர்கள் நிறையப் பேர். வெறும் வயிற்றில் 126-ஓ அதற்கு மேலோ, எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 6.5 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால், சைக்கிளை விட அதுதான் முதல் பிரச்சினை.

கட்டி எந்த இடத்தில் என்பதும் முக்கியம். ஆசனவாயை ஒட்டி இருந்தால் அது சீட் புண்ணாக இல்லாமல் பவுத்திரத்தின் (ஃபிஸ்டுலா) வாயாக இருக்கலாம். உடைந்து ஆறி, உடைந்து ஆறி, மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். வால் எலும்புக்கு மேலே, பிளவில் இருந்தால் உள்ளே முடி புதைந்து உண்டாகும் பைலோனிடல் சைனஸ். இரண்டுக்கும் சீட் மாற்றினால் தீர்வு கிடையாது, சர்ஜன்தான். இன்னொரு வகை: சீழ் கிடையாது, தோல் மேலே நன்றாக இருக்கும், உள்ளே ரப்பர் மாதிரி ஒரு உருண்டை மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். விதைப்பைக்குப் பின்னால் வருவதால் ஐரோப்பியப் பந்தய வீரர்கள் இதை ‘மூன்றாவது விதை’ என்று கிண்டலாகச் சொல்வதுண்டு. இடைவிடாத அழுத்தத்தில் கொழுப்புத் திசு நசுங்கி நாராக இறுகுவதால் வருவது அது. அல்ட்ராசவுண்டில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் காத்திருந்து பார்க்கவே கூடாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், மணிக்கு மணி பரவும் சிவப்பு, விதைப்பை வீக்கம், புண்ணின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத கடும் வலி, தோல் கறுப்பது, தொட்டால் உள்ளே நறநறப்பது: இதில் எது வந்தாலும் அன்றைக்கே, நள்ளிரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அபூர்வம்தான். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தப் பகுதியில் வரும் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாக மாறக்கூடியது.

இனி, எப்போது ஏறலாம்? இத்தனையாம் தேதி என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று சோதனை சொல்கிறேன், மூன்றிலும் தேற வேண்டும். முதலாவது, பொருக்கு தானாக உதிர்ந்து, கசிவோ ஈரமோ இல்லாமல் முழுதாக இரண்டு நாள் போயிருக்க வேண்டும். பார்க்க முடியாத இடம் என்பதால் கண்ணாடியைத் தரையில் வைத்தோ போன் கேமராவிலோ பாருங்கள். இரண்டாவது, கட்டைவிரலால் அழுத்தமாக அழுத்தினால் வலிக்கக் கூடாது, உள்ளே கடினமாக ஒன்றும் தட்டுப்படக் கூடாது. இடது பக்கத்தையும் அதே மாதிரி அழுத்திப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். மூன்றாவது, மெத்தை இல்லாத மர நாற்காலியில் நிமிர்ந்து அரை மணி நேரம், பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்து பத்து நிமிடம் உட்கார வேண்டும். எடையை இடது பக்கம் மாற்றத் தோன்றினால்கூட இன்னும் ஆறவில்லை என்று கணக்கு. இன்றைய நிலையில் உங்களுக்கு இது வர ஒரு வாரம் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம்.

இந்த இடைவெளியில் உடல் தளர்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். இரண்டு வார ஓய்வில் இழப்பது கொஞ்சம்தான், திரும்ப ஏறினால் சீக்கிரம் வந்துவிடும். வேக நடை, மாடிப்படி, கைக்கும் முதுகுக்குமான பயிற்சிகள் செய்யலாம். ஓட்டம், தொடை உரசும் என்றால் வேண்டாம். திறந்த புண்ணோடு நீச்சல் குளத்தில் இறங்காதீர்கள்.

ட்ரெய்னரில் மெதுவாக ஆரம்பிப்பது பாதுகாப்பு என்று எல்லோரும் நினைப்பதுதான் பெரிய தவறு. ரோட்டில் சைக்கிள் இரண்டு பக்கமும் லேசாக ஆடும். பள்ளம் வந்தால் எழுகிறோம், சிக்னலில் இறங்குகிறோம், சரிவில் மிதிக்காமல் விடுகிறோம். நம்மை அறியாமலே நிமிடத்துக்கு நிமிடம் அழுத்தம் இடம் மாறுகிறது. ட்ரெய்னரில் இது எதுவும் கிடையாது. இறுக்கிப் பிடித்து வைத்த சைக்கிளில், காற்று வீசாத அறையில், வியர்வை வழிய வழிய ஒரே இடத்தில் உட்கார்ந்து மிதிக்கிறோம். சீட் புண்ணுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. சமதளமான, நல்ல தார் ரோட்டில் காலை ஐந்தரை மணிக் குளிர்ச்சியில் ஆரம்பியுங்கள். ட்ரெய்னர்தான் வழி என்றால் பெரிய ஃபேன் நேரே வைத்து, 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

முதல் ரைடு 20 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று 20, 30 விநாடி. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஓட்ட வேண்டும். இடையில் வரும் நாள் தோலுக்கு. பிறகு 30 நிமிடம், 45, 60, 90, இரண்டு மணி நேரம். ஒவ்வொரு அளவையும் இரண்டு முறை ஓட்டி, தோல் ஒத்துக்கொண்டால்தான் அடுத்தது. வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், நேரத்தை மட்டும் பாருங்கள். இறங்கியதும் ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். லேசாகச் சிவந்து ஒரு மணி நேரத்துக்குள் மறைந்தால் சரி. மறுநாளும் சிவப்பு இருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள்: வெளுத்து மறுபடி சிவந்தால் இரண்டு நாள் விட்டு, முந்தைய அளவுக்கு இறங்குங்கள். அழுத்தியும் வெளுக்கவே இல்லை என்றால் தோலுக்கு அடியில் திசு சேதமாகியிருக்கிறது. மூன்று சோதனையிலிருந்தே திரும்பத் தொடங்க வேண்டும். வலி மாத்திரை போட்டோ, மரக்கச் செய்யும் க்ரீம் தடவியோ ஓட்டக் கூடாது. நிறுத்து என்று சொல்ல உடம்புக்கு இருப்பது அந்த வலி ஒன்றுதான். புண் மீது பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஓட்டுவதும் உதவாது. அரை மணியில் ஓரம் சுருண்டு அதுவே புதிதாக அறுக்கும்.

சரி, சைக்கிளுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது ‘வலது பக்கம்’ என்ற சொல். இரண்டு பக்கமும் வந்திருந்தால் ஷார்ட்ஸ், வியர்வை, சீட்டின் அகலம் என்று தேடலாம். ஒரே பக்கம் வந்தால் நீங்கள் கோணலாக உட்காருகிறீர்கள், அல்லது சீட் கோணலாக இருக்கிறது. சைக்கிளைத் திருத்தாமல் தோலை மட்டும் ஆற்றிக்கொண்டு போனால் அடுத்த 300-ல் அதே இடத்தில் நிற்பீர்கள்.

எதையும் தொடும் முன் இப்போதைய அளவுகளைக் குறித்துவையுங்கள். சீட்போஸ்ட் ஃப்ரேமுக்குள் நுழையும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றினால் போதும். முதலில் பின்னால் நின்று பாருங்கள்: சீட் மூக்கு மேல் குழாயோடு ஒரே நேர்க்கோட்டில் இருக்கிறதா? சீட்டின் ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறதா? அடியில் சீட்டைத் தாங்கும் கம்பி (ரெயில்) வளைந்திருக்கிறதா? ஒருமுறை வலப்பக்கமாக விழுந்த சைக்கிளில் ரெயில் வளைந்திருப்பது சகஜம். மேலே பார்த்தால் தெரியாது, கழற்றிக் கண்ணாடி மேஜையில் வைத்தால் தெரியும்.

அடுத்து உயரம். சீட் அதிக உயரமாக இருந்தால் கால் எட்டுவதற்காக இடுப்பு ஒவ்வொரு மிதிக்கும் வலமும் இடமும் சரியும். சீட் ஓரம் ரம்பம் இழுப்பதுபோல் தொடையிடுக்கை அறுக்கும். எளிய வழி: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்குக் கொண்டுபோங்கள். கால் சரியாக நீள வேண்டும், இடுப்பு சரியக் கூடாது. குதிகாலுக்குப் பதில் முன்பாதத்தை வைத்து ஓட்டும்போது முழங்கால் தானாக 25 முதல் 35 டிகிரி மடங்கும். கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பினால், வெறுங்காலில் சுவரோரம் நின்று கவட்டிலிருந்து தரைவரை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். 82 செ.மீ. என்றால் 72.4 செ.மீ. வரும். பெடல் அச்சின் நடுவிலிருந்து அல்ல, க்ராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் மைய அச்சிலிருந்து சீட்டின் மேற்புறம்வரை அந்த அளவு. இது தொடக்கப் புள்ளிதான். ஷூவின் தடிமனும் க்ராங்க் நீளமும் கொஞ்சம் மாற்றும். பின்னாலிருந்து ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஷார்ட்ஸின் இடுப்புப் பட்டி மேலும் கீழும் ஆடினால் 3 மி.மீ. இறக்கி மறுபடி பாருங்கள். வலப்பக்கம் மட்டும் ஆடினால் வலது கால் எட்டாமல் இருக்கிறது: கால் நீள வித்தியாசமாக இருக்கலாம், வலது க்ளீட் (ஷூவைப் பெடலில் மாட்டும் அடித்தகடு) முன்னே பின்னே நகர்ந்திருக்கலாம், இடுப்பு இறுக்கமாக இருக்கலாம். இதை மட்டும் நீங்களாக ஊகிக்க வேண்டாம். பைக் ஃபிட் செய்பவரிடமோ விளையாட்டு பிசியோவிடமோ ஒருமுறை காட்டுங்கள். புது சீட் வாங்கும் காசை இதற்குச் செலவழிக்கலாம்.

சாய்வுக்கு, சீட்டின் மேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை நீளவாக்கில் வைத்து, அதன் மேல் ரசமட்டமோ போனில் உள்ள மட்டம் பார்க்கும் ஆப்போ வைத்துப் பாருங்கள். மட்டமாகவோ, மூக்கு 1 முதல் 3 டிகிரி கீழிறங்கியோ இருக்கலாம். மூக்கு நிமிர்ந்திருந்தால் மரத்துப்போகும். ரொம்பக் கீழிறங்கினால் சறுக்கிச் சறுக்கி முன்னால் வருவீர்கள், திரும்பத் திரும்பப் பின்னால் தள்ளி உட்காருவீர்கள், அதுவும் உரசல்தான். கூடவே உள்ளங்கையும் வலிக்கும். ஹேண்டில் ரொம்பத் தாழ்ந்தோ தள்ளியோ இருந்தாலும் இடுப்பு முன்னால் உருண்டு, எடை எலும்பிலிருந்து மென்மையான பகுதிக்குப் போய்விடும்.

இப்போது அந்த மரத்துப்போன விஷயம். கட்டியைவிட எனக்கு இதுதான் கவலை. உட்காரும் எலும்புகளுக்கு உள்பக்கமாக பூடெண்டல் நரம்பும், ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாயும் செல்கின்றன. சீட் மூக்கு அவற்றை எலும்போடு சேர்த்து நசுக்கும்போது மரக்கிறது. எழுந்து நின்றதும் சில நிமிடத்தில் சரியானால் சீட் அமைப்பில் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மணி நேரம் என்பது நரம்பு நன்றாகவே நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். இனி ரைடில் மரத்தால் அந்த இடத்திலேயே எழுந்து நில்லுங்கள்; பத்து நிமிடத்தில் மறுபடி மரத்தால் ரைடு அத்தோடு முடிந்தது. ஒரு நாளுக்கு மேல் உணர்ச்சி திரும்பாமல் இருந்தாலோ, விறைப்பில் மாற்றம் தெரிந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருந்தாலோ வெட்கப்படாமல் யூராலஜிஸ்ட்டிடம் போங்கள். அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்கள் 90 பேரிடம் மூக்கில்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாதம் ஓட்டச் சொன்னார்கள். ஆய்வு 2008-ல் வெளியானது. மரப்பே இல்லை என்று சொன்னவர்கள் 27 சதவீதத்திலிருந்து 82 சதவீதமாகக் கூடினார்கள். நீங்கள் மூக்கில்லாத சீட்டுக்கு மாற வேண்டும் என்று சொல்லவில்லை. நீண்ட தூரத்தில் அதைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். மூக்கு எங்கே அழுத்துகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

ஜெல் கவர் வேண்டாம் என்றதற்கும் இதே காரணம். தடித்த ஜெல்லில் இரண்டு எலும்பும் அமிழும். அமிழ்ந்த ஜெல் எங்காவது போக வேண்டுமே, நடுவில் மேலெழும்பி நரம்பு இருக்கும் இடத்தைத்தான் அழுத்தும். கவரும் சீட் மேல் நழுவிக்கொண்டே இருக்கும். மெத்தென்று இருப்பதை விட, எலும்புக்கு நேராகத் தாங்கும் அகலம்தான் முக்கியம். அதை வீட்டிலேயே அளக்கலாம். அட்டைப்பெட்டியின் நெளி அட்டை ஒரு துண்டைக் கெட்டியான படிக்கட்டில் வைத்து, மெல்லிய ஷார்ட்ஸோடு அதன் மேல் உட்கார்ந்து, முழங்காலைக் கொஞ்சம் உயர்த்தி, முன்னால் சாய்ந்து அரை நிமிடம் இருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழி தெரியும். குழியின் நடுவிலிருந்து நடுவுக்கு எத்தனை மி.மீ. என்று அளந்து, அதோடு 20 முதல் 25 மி.மீ. கூட்டுங்கள். 120 என்றால் 140 முதல் 145 அகலச் சீட்டில் தொடங்கலாம். நடுவில் பிளவுள்ள சீட் பலருக்கு மரப்பைக் குறைக்கும். சிலருக்குப் பிளவின் ஓரமே வெட்டும். கடைக்காரர் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கத் தருவாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். எந்த மாற்றமானாலும் ஒரு ரைடுக்கு ஒன்றுதான். உயரம், சாய்வு, சீட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமலே போகும்.

டயரையும் பாருங்கள். 25 மி.மீ. டயரில் 100 பி.எஸ்.ஐ. காற்றடித்து நம் ரோடுகளில் ஓட்டினால் ஒவ்வொரு குலுக்கலும் நேரே இடுப்புக்குத்தான் வரும். ஃப்ரேமில் இடம் இருந்தால் 28-க்கு மாறுங்கள். உங்கள் எடைக்கு 70, 75 போதும்.

உடுப்பில் நான் பார்க்கும் தவறுகள் பெரும்பாலும் இவை: பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடுவது (தையல் எல்லாம் தோலில் பதியும்), முந்தின நாள் ஷார்ட்ஸை உலர்த்திவிட்டு மறுநாள் போடுவது, துணி மென்மைக்கான கண்டிஷனரில் அலசுவது. கண்டிஷனர் பேடின் துளைகளை அடைத்துவிடும், வியர்வை வெளியேறாது. மென்மையான சோப்பு நீரில் அலசி, உள்பக்கம் வெளியே திருப்பி வெயிலில் காய வையுங்கள். விரலால் அழுத்தி விட்டால் பேட் மேலெழும்பவில்லை என்றால் அதன் ஆயுள் முடிந்தது. முடியை மழிக்கவோ வேக்ஸ் செய்யவோ வேண்டாம். மழித்த முடி உள்நோக்கி வளர்ந்தும் கட்டி வரும். நீளமாக இருந்தால் ட்ரிம்மர் போதும். பெண்களுக்கும் இது அப்படியே பொருந்தும். அவர்களுக்குக் கூடுதலாக, ரைடுக்குப் பின் வெளி உதடு ஒரு பக்கம் வீங்கி மறுநாளும் வற்றாமல் இருந்தால் மகளிர் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தோல் முழுதாக மூடிய பிறகு சாமோய் க்ரீம் (சைக்கிள் ஓட்டுபவர்கள் உரசலைக் குறைக்கத் தடவுவது) தடவலாம். உரசும் இடத்தில் ஒரு டீஸ்பூன், பேடில் கொஞ்சம். வாசலின் தடவினாலும் உரசல் குறையும், ஆனால் பேடிலிருந்து லேசில் போகாது. பவுடர் வேண்டாம், வியர்வையில் குழைந்து மாவாகி அதுவே அரைக்கும். மயிர்க்கால் கொப்புளம் அடிக்கடி வருகிறவர்கள் ரைடுக்குப் பின் 4 அல்லது 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு வாஷை இரண்டு நிமிடம் வைத்துக் கழுவலாம். திறந்த புண்ணிலும் உறுப்பிலும் படக் கூடாது, படும் துண்டு வெளுத்துப்போகும். இதை எல்லாம்விடப் பலன் தருவது ஒன்று: ரைடு முடிந்த பத்து நிமிடத்துக்குள் அந்த ஷார்ட்ஸைக் கழற்றுவது. ஃபினிஷ் பாயின்ட்டில் டீ குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம், பிறகு ஈரத்தோடு காரில் இரண்டு மணி நேரம் என்றால், ரோட்டில் தப்பித்த தோலுக்கு அங்கேதான் தொற்று வரும்.

400-க்கு வருவோம். அதற்கு 27 மணி நேரம் அவகாசம். அதில் நீங்கள் சீட்டில் இருக்கப்போவது 18 முதல் 20 மணி நேரம். எல்லாம் சரியாக நடந்தால்கூட ஐந்தாம் வாரம் நீங்கள் ஒன்றரை, இரண்டு மணி நேர ரைடில்தான் இருப்பீர்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் க்ரீமால் கடக்க முடியாது. மனோதிடம் இருந்தால் முடியும் என்பவர்களுக்கு: 1987-ல் ஸ்பெயினின் மூன்று வார சைக்கிள் பந்தயமான வுவெல்ட்டாவில் முதலிடத்தில் இருந்த அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி, போட்டி முடியச் சில நாட்களே இருக்கும்போது சீட் கட்டியால் விலகினார். அவரை விட வலி பொறுத்த வீரர்கள் குறைவு. 1989 டூர் ட ஃபிரான்ஸின் கடைசி நாளில் 50 விநாடி முன்னிலையோடு கிளம்பிய லோரான் ஃபின்யோன், சீட் புண்ணோடு 24.5 கி.மீ. ஓட்டி, 8 விநாடியில் பட்டத்தைக் கிரெக் லெமாண்டிடம் இழந்தார். காற்றுத் தடையைக் குறைக்கும் லெமாண்டின் ஏரோ ஹேண்டிலும் அதற்கு ஒரு காரணம் என்பது வேறு கதை. அவர்களுக்கு மருத்துவரும் மசாஜ்காரரும் கூடவே இருந்தார்கள்.

உங்களுக்கு இழப்பு அவ்வளவு இல்லை. சூப்பர் ராண்டனர் பட்டத்துக்கு 200, 300, 400, 600 நான்கையும் ஒரே சீசனில் முடித்தால் போதும், எந்த வரிசையிலும் முடிக்கலாம். சீசன் நவம்பர் 1-ல் தொடங்கி அக்டோபர் 31 வரை. இப்போதைய 400-ஐ விட்டுவிட்டு, இரண்டு மணி நேர ரைடு இரண்டு முறை தொல்லையில்லாமல் போனதும், வாரக் கடைசியில் 60 கி.மீ., 100, 150 என்று ஏற்றுங்கள். பிறகு ஒரு 200. அதில் மறுநாள் காலை தோல் சுத்தமாக இருந்தால் அடுத்து வரும் 400-க்குப் பெயர் கொடுக்கலாம். அன்றைக்குப் பையில் இரண்டாவது ஷார்ட்ஸ் ஒன்று வேண்டும், 200 கி.மீ. கன்ட்ரோலில் (வழியில் பதிவு செய்யும் நிறுத்தம்) தண்ணீரால் துடைத்து, உலர்ந்த பிறகு மாற்றிக்கொண்டு க்ரீம் தடவுங்கள். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நிற்பதற்குக் கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். இருநூறுக்குப் பிறகு தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் அது ஞாபகம் வராது.

இவ்வளவு செய்தும் அதே இடத்தில் மறுபடி கட்டி வந்தால் க்ரீம், சீட் என்று தேடிக்கொண்டிருக்காமல் சர்ஜனிடம் போங்கள். உள்ளே பை போல ஒன்று மிஞ்சியிருந்தால் அதை எடுத்தால்தான் தீரும். போகும்போது, முதல் கட்டி எந்தத் தேதியில் வந்தது, எப்போது உடைந்தது, என்ன மருந்து தடவினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அந்தக் க்ரீம் டியூபையும் கையோடு கொண்டுபோங்கள்.